பெரம்பலூரில் காதல் கிடையாதாம்

1

"பொம்பளப் புள்ளைய எட்டாவதுக்கு மேல படிக்க வச்சா அது லவ் லெட்டர் எழுதத்தான் கத்துக்கும்."

என் பெரியப்பா இதை என் அப்பாவிடம் சொன்னபோது நான் இரண்டடி தள்ளி ஆட்டுக்குத் தழை ஒடித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். ஆட்டுக்குக் கேட்கக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, குரலைக் கொஞ்சம் தாழ்த்தினார். எனக்கு நன்றாகவே கேட்டது.

அவர் சொன்னதில் பாதி பலித்தது. எழுதக் கற்றுக்கொண்டேன். விசா அலுவலகத்துக்கு எழுதினேன், நர்சிங் கவுன்சிலுக்கு எழுதினேன், வரி அலுவலகத்துக்கு எழுதினேன். ஆறு வாரம் கழித்து 'உங்கள் கடிதம் கிடைத்தது' என்று மட்டும் பதில் வரும். மறுபடி எழுதுவேன். இவ்வளவு பொறுமையாகக் காதலர்கள்கூட எழுத மாட்டார்கள். அன்பே என்று தொடங்கும் கடிதம் மட்டும் இன்றுவரை யாருக்கும் எழுதவில்லை.

கீழப்பழுவூர் பக்கத்தில் எங்கள் ஊர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்து வாசலைத் தாண்டி உள்ளே போன முதல் ஆள் நான். அப்பா இன்றும் கைநாட்டுதான். நான் அயர்லாந்தில், ஆற்றங்கரைச் சிற்றூர் ஒன்றில், முதியோர் இல்லத்தில் நர்ஸ். இந்த மாதத்தோடு ஐந்து வருடம் முடிகிறது. இதைக் கொஞ்சம் பெருமையோடுதான் எழுதுகிறேன். அடக்கமாக இருக்கச் சொல்லித்தர எங்கள் பரம்பரையில் படித்தவர்கள் யாரும் இல்லை.

2

நான் குடியிருப்பது அன்பழகன் அண்ணன் வீட்டு மாடியறையில். அவர் அரியலூர் டவுன்காரர், வந்து இருபது வருடமாகிறது. மலர் அண்ணி செட்டிகுளம். ஒரே மகள் யாழினி, வயது பதினான்கு. பெயரில் ழகரம் இருக்க வேண்டும் என்று அண்ணன் ஒரு மாதம் யோசித்து வைத்த பெயர். பள்ளியில் அவளை யாஸ் என்று கூப்பிடுகிறார்கள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். அண்ணி கறிக்குழம்பு வைத்திருந்தார். யாழினி தட்டில் சோற்றைத் தள்ளிக்கொண்டே, மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிற குரலில் சொன்னாள்:

"அப்பா, கானர் என்னைப் படத்துக்குக் கேட்டான். நான் ஓகே சொல்லிட்டேன். அதான் உங்களுக்குச் சொல்றேன்."

"கானரா? அது யாரு புள்ள?" என்றார் அண்ணி.

"பையன். என் கிளாஸ்."

அண்ணன் கறித்துண்டைத் தட்டிலேயே திரும்ப வைத்தார். எங்கள் பக்கத்து ஆண்கள் வாய்க்குப் போன கறியைத் திரும்ப வைப்பது சாதாரண விஷயம் இல்லை. பிறகு அவர் கேட்ட முதல் கேள்வியை உங்களால் ஊகிக்க முடியும்.

"என்ன ஆளுங்க?"

அயர்லாந்தில், ஒரு கானரைப் பற்றி, இந்தக் கேள்வி. யாழினிக்குப் புரியவில்லை. அவர்கள் வீட்டில் என்ன செய்கிறார்கள் என்று கேட்பதாக எடுத்துக்கொண்டு பதில் சொன்னாள்.

"ஆடு வளக்கறாங்க. முந்நூறு இருக்கும்."

எங்கள் வீட்டில் ஏழு. முந்நூறு ஆடு வைத்திருக்கிற வீட்டுப் பையன் என்றால் எங்கள் ஊரில் கலெக்டரே எழுந்து நிற்பார் என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. அண்ணன் முகம் அப்படி இருந்தது.

"எழுந்து உள்ள போ" என்றார் மகளிடம்.

"நான் கேக்கல அப்பா. சொல்றேன். மறைச்சிட்டுப் போறவங்க நிறைய பேர் இருக்காங்க" என்றாள் அவள்.

அந்தக் கடைசி வரிக்கு ஒரு தகப்பன் கோயில் கட்டிக் கும்பிட வேண்டும். அண்ணன் கட்டியது வேறு.

3

புதன்கிழமை நான் வேலை முடிந்து வந்தபோது ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒரு படிவம் ஒட்டியிருந்தது. பெரம்பலூர் மாவட்டத்தில் ஓர் உண்டு உறைவிடப் பள்ளி. ஒன்பதாம் வகுப்பு, பெண்கள் விடுதி. வளாகத்தைச் சுற்றிப் பன்னிரண்டடிச் சுவர். சுவரின் படத்தையும் அச்சிட்டிருந்தார்கள். நூலகத்தின் படம் இல்லை.

"அங்க இந்த மாதிரி எதுவும் கிடையாது தங்கச்சி. உனக்குத் தெரியாததா?" என்றார் அண்ணன். "நம்ம ஊருப் புள்ளைங்க படிப்புண்டு, வூடுண்டுன்னு இருக்கும். பாரு, நீயே இருக்கியே. உன்னை மாதிரி வரட்டும்."

அண்ணன் ஊரைவிட்டு வந்து இருபது வருடமாகிறது. அவர் மனதில் பெரம்பலூரிலும் அரியலூரிலும் பதினான்கு வயதுப் பிள்ளைகள் யாரும் யாரையும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. கல்லங்குறிச்சித் தேருக்கு வருகிற இளவட்டங்கள் எல்லாம் பெருமாளை மட்டுமே பார்த்துவிட்டு, தேர் நிலைக்கு வந்ததும் நேரே வீடு திரும்புகிறார்கள். டவுன் பஸ்ஸில் பையன்கள் பின் படிக்கட்டில் தொங்குவது காற்றோட்டத்துக்காக. என் ஒன்பதாம் வகுப்பில் ஜாமெட்ரி பாக்ஸுக்குள் கவராயத்தைவிடத் துண்டுச்சீட்டுதான் அதிகம் இருந்தது என்று சொன்னால் அவர் நம்ப மாட்டார்.

படிவத்தில் கடைசியாக மூன்று கையொப்பம். தந்தை, தாய், உள்ளூர்ப் பாதுகாவலர். பாதுகாவலர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அண்ணனின் ஆட்கள் எல்லோரும் சென்னைக்குப் போய்விட்டார்கள். அண்ணியின் அப்பா அம்மா இப்போது இல்லை.

"உங்க அப்பாதான் தங்கச்சி. போன் பண்ணிப் பேசிட்டேன். சந்தோசமா ஒத்துக்கிட்டாரு."

மாடியறைக்குப் போய் உட்கார்ந்தேன். ஒரு பெண்ணைப் பள்ளியிலிருந்து பிடுங்கி எடுக்கிற காகிதத்தில் என் அப்பாவின் கட்டைவிரல் பதியப்போகிறது. அதற்கு ஆதாரமாக என்னைக் காட்டுகிறார்கள்.

4

என் கதையை இதுவரை யாருக்கும் முழுதாகச் சொன்னதில்லை. எனக்கு ஒரு மரியாதை இருக்கிறது, அதைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். இனி என்ன.

எனக்குப் பதின்மூன்று வயதில் சடங்கு வைத்தார்கள். பிரதான சாலை முக்கில் ஃப்ளெக்ஸ் பேனர். என் படம் பத்தடி உயரம். கீழே என் அம்மாவின் தம்பி சேகர் மாமா, கூலிங்கிளாஸுடன். அவர் அப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தார், வயது இருபத்தைந்து. சிமெண்ட் லாரிக்காரர்கள்கூட வேகத்தைக் குறைத்து என்னைப் பார்த்துவிட்டுப் போனார்கள். வீட்டுக்கு வந்த பெண்கள் எல்லோரும் கன்னத்தைக் கிள்ளி, "என்னடி, மாமனக் கட்டிக்கிறியா?" என்று கேட்டார்கள். பள்ளிக்கூடத்தில் இன்னும் முழுதாகப் பெருக்கல் வாய்ப்பாடு ஒப்பிக்கத் தெரியாத பெண்ணிடம் இது வேடிக்கைப் பேச்சு. வேடிக்கையே இல்லாத பேச்சு என்னவென்றால், "பசங்ககூட நின்னு பேசுன, கால ஒடிச்சிருவேன்."

ஊர் முழுக்கப் பேனர் கட்டி இவள் தயார் என்று அறிவிக்கலாம். ஆனால் அறிவிப்பைப் படித்துவிட்டு எந்தப் பையனும் பேச வரக் கூடாது.

ஒன்பதாம் வகுப்பில் ரவி என்று ஒருவன். அறிவியல் நோட்டை இரவல் கொடுப்பான். ஒரு நாள் அரியலூர் பஸ் ஸ்டாண்டில், பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, "கரும்பு ஜூஸ் குடிக்கிறியா?" என்றான். குடித்தேன். ஐஸ் நிறைய, இஞ்சி கொஞ்சம். லாரிப் புழுதி வராமல் இருக்க டம்ளரைக் கையால் மூடிக்கொண்டு குடித்தோம். எலும்புகள் மொத்தம் எத்தனை என்று அவன் கேட்டான், நான் சரியாகச் சொன்னேன். பஸ் வந்தது. நடந்தது இவ்வளவுதான். இங்கே இதற்கு டேட்டிங் என்று பெயர் என்பதே எனக்கு அயர்லாந்து வந்தபிறகுதான் தெரியும்.

எதிர்க் கடையில் என் சின்னம்மாவின் வீட்டுக்காரர் உரமூட்டை வாங்கிக்கொண்டிருந்தார். எனக்கு முன்னால் செய்தி வீடு போய்ச் சேர்ந்தது.

மறுநாளிலிருந்து எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை. ரவி மறுநாளும் போனான், அதற்கடுத்த நாளும் போனான். அவன் ஜூஸ் குடித்ததில் எந்தக் குற்றமும் இல்லை போலிருக்கிறது. தை பிறந்ததும் சேகர் மாமாவுக்கும் எனக்கும் பேசி முடித்துவிடுவது என்று பெரியவர்கள் உட்கார்ந்து முடிவெடுத்தார்கள். பையனோடு பேச எனக்கு வயது போதவில்லை. மாமனைக் கட்டிக்கொள்ள வயது தாராளமாக இருந்தது.

நாற்பத்து நான்கு நாள் ஆடு மேய்த்தேன். நாற்பத்தைந்தாம் நாள் திருப்பூரிலிருந்து போன் வந்தது. சேகர் மாமா தன்னோடு தையல் பிரிவில் வேலை பார்த்த பெண்ணுக்குக் கோயிலில் வைத்துத் தாலி கட்டிவிட்டார்.

வீட்டில் ஒரே அழுகை. அம்மா மார்பில் அடித்துக்கொண்டாள். நான் ஆட்டுக்கொட்டகைக்குப் போய் நின்று சிரித்தேன். பிறகு என்னை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. அதனால் திரும்பப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பினார்கள். நான் படித்தது காதலால்தான். என்னுடைய காதலால் இல்லை, என் மாமாவுடைய காதலால். கண்டிப்பாக வளர்த்தார்கள், அதனால் முன்னுக்கு வந்தாள் என்று என்னைக் காட்டிப் பேசுகிறவர்கள் எல்லோரும் அந்தத் திருப்பூர் அத்தைக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

5

எங்கள் முதியோர் இல்லத்தில் தொண்ணூறு வயதுப் பாட்டி ஒருவர் தினமும் காலையில் என்னிடம், "உனக்கு ஆள் இருக்கா?" என்று கேட்பார். வந்த புதிதில், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "என் வீட்டில் தேடிக்கொண்டிருக்கிறார்கள்" என்றேன். அவர் பதறிப்போய், "ஐயோ, எங்கே தொலைத்தார்கள்?" என்றார். எனக்கு விளக்கத் தெரியவில்லை. ஐந்து வருடம் ஆகியும் தெரியவில்லை.

அந்தப் பாட்டி தன் பதினைந்தாம் வயதில் அப்பாவுக்குத் தெரியாமல் ஒருவனோடு நடனத்துக்குப் போனதைச் சொல்லும்போது, இன்றும் கதவைப் பார்த்துவிட்டுத்தான் சொல்வார். இந்த ஊரும் ஒரு காலத்தில் பெரம்பலூராகத்தான் இருந்திருக்கிறது.

யாழினியின் சடங்கையும் போன வருடம் இங்கே ஒரு சர்ச் ஹாலில் வைத்தார்கள். பேனர் உண்டு. ஹாலைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் வந்து, "என்ன விசேஷம்?" என்று கேட்டார். அண்ணன் ஒரு கணம் தடுமாறிவிட்டு, "பர்த்டே" என்றார். பர்த்டேவுக்கு மகளைப் பட்டுப்புடவையில் சிம்மாசனத்தில் உட்கார வைத்து நூற்றைம்பது பேர் மஞ்சள் பூசியதைப் பார்த்து அவர் என்ன நினைத்தாரோ. யாழினி அன்று என் காதில், "அத்தை, இவங்க எல்லாருக்கும் ஏன் தெரியணும்?" என்றாள். மகளின் உடம்பைப் பற்றி நூற்றைம்பது பேருக்குச் சொல்லலாம். மகள் தன் மனதைப் பற்றி அப்பாவிடம் சொன்னால் விமான டிக்கெட்.

6

வெள்ளிக்கிழமை சாப்பாட்டு மேசையில் அண்ணன் என்னைச் சாட்சிக்கு அழைத்தார்.

"தங்கச்சி, நீயே இவகிட்ட சொல்லு. ஒம்பதாவது படிக்கிறப்ப உனக்கு இந்த நெனப்பெல்லாம் இருந்துச்சா?"

யாழினி என்னைப் பார்த்தாள். மூன்று நாளாக அழுது கண்ணிமை தடித்திருந்தது. அவளுக்குப் பெரம்பலூரில் ஒரு தோழிகூடக் கிடையாது. தமிழ் பேசுவாள், எழுத வராது.

சொன்னேன். கரும்பு ஜூஸிலிருந்து திருப்பூர் வரை எல்லாவற்றையும் சொன்னேன். யாரும் கை கழுவ எழுந்திருக்கவில்லை.

முதலில் வாய் திறந்தது அண்ணி. "ஜூஸுக்குக் காசு யாரு குடுத்தா?"

"அவன்தான் அண்ணி."

"அட, பரவாயில்லயே."

"மலரு!" என்றார் அண்ணன். பிறகு என் பக்கம் திரும்பினார். "அப்ப நீயுமா?"

"நானும்தாண்ணே. ஒரு டம்ளர்."

"இத்தன நாளு சொல்லவே இல்ல?"

"சொன்னா என்ன ஆவும்னு எனக்கு அனுபவம் இருக்குல்ல."

அவர் எழுந்து பின்பக்கம் போய், மழையில் நனைந்துகொண்டே குப்பைத்தொட்டிகளை வரிசையாக அடுக்கினார். அவை ஏற்கெனவே வரிசையாகத்தான் இருந்தன.

உங்களில் பெண் பிள்ளை வைத்திருப்பவர்கள் என்னைத் திட்டத் தொடங்கியிருப்பீர்கள். பதினான்கு வயதில் இதை அனுமதிக்கலாமா? அது சின்ன வயதுதான் என்று நானும் ஒத்துக்கொள்கிறேன். அந்த வயதில் தவறாகப் போகக்கூடியது நிறைய இருக்கிறது. செல்போனில் ஒரு படம் போதும். அதனால் எங்கே, யாரோடு, எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்று கேளுங்கள். கூட்டிக்கொண்டு போய் விடுங்கள், கூட்டி வாருங்கள். வேண்டாம் என்றும் சொல்லுங்கள், காரணத்தோடு. ஆனால் பிள்ளை உண்மையைச் சொன்னதற்கு அபராதமாகப் பள்ளிக்கூடத்தைப் பிடுங்காதீர்கள். அப்படிச் செய்தால் அடுத்த முறை பிள்ளை காதலிக்காமல் இருக்காது, உங்களிடம் சொல்லாமல்தான் இருக்கும்.

7

மறுநாள் மதிய இடைவேளையில் அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"ஏம் பாப்பா, அன்பழகன் தம்பி பேசுனாரு. சீமையில இருக்கற மனுசன் நம்மள மதிச்சிக் கேக்குறாரு. கைநாட்டு செல்லுமான்னேன், செல்லுங்கன்னாரு."

"வைக்காதீங்கப்பா."

"ஏன்? புள்ள தப்பு வழிக்குப் போவுதாம்ல?"

"படம் பாக்கப் போவுதுப்பா."

"எல்லாம் ஒண்ணுதான். உன்னையும்தான் அப்ப நிறுத்துனோம். நீ கெட்டா போயிட்ட? நாலு பேரு மதிக்கிற மாதிரி இருக்க."

இந்தப் பேச்சை நான் பதினைந்து வருடமாக ஒத்திப்போட்டிருந்தேன்.

"சேகர் மாமா அந்தப் புள்ளையக் கூட்டிக்கிட்டுப் போவலன்னா நான் இப்ப எங்கப்பா இருந்திருப்பேன்?"

அந்தப் பக்கம் அப்பா ஆட்டை அதட்டினார்.

"நாப்பத்து நாலு நாளு வூட்ல இருந்தேம்ப்பா."

"எண்ணிக்கிட்டா இருந்த?"

"எண்ணத்தான படிக்க வச்சீங்க."

அப்பா செருமினார். "உனக்கு அப்ப என்ன வயசு?"

"பதினாலு."

"இந்தப் புள்ளைக்கு?"

"பதினாலு."

"சின்னப் புள்ளதான்" என்றார். யாரைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. பிறகு, "சரி, நான் வைக்கல. அவருகிட்ட நீயே சொல்லிரு பாப்பா. எனக்கு அதெல்லாம் பதமா சொல்ல வராது" என்றார்.

எனக்கு மட்டும் வருமா? அன்று சாயங்காலம் அண்ணனிடம் நேராகவே சொன்னேன்.

"உங்கப்பா மாட்டேன்னாரா, நீ மாட்டேன்னு சொல்ல வச்சியா?"

"நான்தாண்ணே."

"நல்லாருக்கு. நம்ம ஊருப் புள்ளயாச்சேன்னு மாடிய விட்டேன். நீ இந்த ஊருக்காரியாயிட்ட. போவட்டும், பெரம்பலூர்ல எனக்குக் கையெழுத்துப் போட ஆளா இல்ல? மலரு, நீ இதுல போடு."

அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு வந்து படிவத்தை வாங்கினார். அதை முதல் முறையாக முழுதும் படித்தார். திருமணப் பதிவுக்குப் பிறகு எந்தக் காகிதமும் அவரிடம் படிக்க வந்ததில்லை. இங்கே போடு என்று விரல் காட்டுகிற இடத்தில் போடுவார்.

"இதுல எங்கையெழுத்தும் வேணுமாமே?"

"அது சும்மா ஒரு பேச்சுக்குப் போட்டிருப்பான். போடு."

"சும்மா போட்டதுதான? நானும் சும்மாவே விட்டுடறேன்" என்று படிவத்தை மேசையில் வைத்தார். "எங்கிட்ட சொல்லிட்டுப் போற புள்ளைய நான் எங்கயும் அனுப்ப மாட்டேங்க. சொல்லாம போற அன்னிக்கிப் பேசிக்குவோம்."

அண்ணன் மனைவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மாடிப்படியில் பாதி இறங்கி நின்ற மகளைப் பார்த்தார். யாழினி கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தாள். போய் டிவியைப் போட்டார். ஆடுகளைப் பற்றிய நிகழ்ச்சி. மாற்றவில்லை.

8

படிவத்தின் கடைசித் தேதி நேற்றோடு முடிந்தது. அண்ணன் என்னோடு இன்னும் சரியாகப் பேசவில்லை. மாடியைக் காலி செய் என்றும் சொல்லவில்லை. இன்று காலை என்னிடம், "எனக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாது" என்றார். தெரியாது என்று சொல்வதற்கு முதலில் தெரிந்திருக்க வேண்டும். அடுத்த வரியில், "படம் எத்தன மணிக்கு வுடுவான்?" என்று கேட்டார். ஐந்தரை என்றேன். "நான் கார்லயே இருப்பேன். உள்ள வர மாட்டேன்."

கானருடைய அம்மாவிடம் நானே பேசிவிட்டேன். அவருக்கும் பயம்தானாம், அவரும் பையனை ஆயிரம் கேள்வி கேட்டாராம். சனிக்கிழமை இரண்டே முக்கால் காட்சிக்கு நான்கு டிக்கெட் எடுத்தாயிற்று. பிள்ளைகளுக்கு நடு வரிசையில் இரண்டு. எனக்கும் அண்ணிக்கும் கடைசி வரிசையில் இரண்டு.